ஒரே மருந்து, இரண்டு உடம்பு

என்னைப் பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று, கே.கே. நகரில் எங்கள் வீடு முழுக்க அம்மா சாம்பிராணி போட்டிருந்தாள். எனக்கு அந்தப் புகை ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்களுக்கு வீடு மணக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு முக்கியம். எனக்கு ஆஸ்துமா இருப்பதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முதல் நாளே பேசி முடிவாகியிருந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோதே எனக்கு நெஞ்சை அடைக்கத் தொடங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடி இன்ஹேலரை எடுக்க வேண்டும். வேறு எந்த நினைப்பும் இல்லை. மாப்பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அப்போது எதிர் நாற்காலியில் யாரோ இருமினார்கள். இருமல் நிற்கவில்லை. நிமிர்ந்தேன். மாப்பிள்ளைதான். கண்ணில் நீர் முட்ட அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அவர் அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. பேண்ட் பையில் கையை விட்டு நீல நிற இன்ஹேலரை எடுத்து, எல்லோர் முன்னாலும் வாயில் வைத்து இழுத்தார்.

நான் உள்ளே போய் என்னுடையதை எடுத்துவந்து, அங்கேயே நின்று இழுத்தேன். அதே நீலம். அதே கம்பெனி.

முதலில் சிரித்தது அவருடைய அப்பாதான். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்தாரு. இது பதினோராவது" என்றார். "ஒரே வியாதி, ஒரே மருந்து. ஒருத்தர் மறந்துட்டா இன்னொருத்தர்கிட்ட வாங்கிக்கலாம்."

அந்தப் பேச்சை எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

கல்யாணம் ஆகி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் ஒரு அடுக்ககத்தில் குடியேறினோம். அவருக்கு அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் வெல்டிங் சோதிக்கும் வேலை. விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். எனக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன். உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் எனக்கு ஊசியும் பஞ்சுமாகத்தான் பழக்கம். எந்த வீட்டில் யாருக்கு நரம்பு கிடைக்காது, யார் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

சிறு வயதிலிருந்து அவரைப் பார்த்துவந்த டாக்டரிடம் என்னையும் கூட்டிப்போனார். எப்போதாவது நீல இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தால் போதாது என்று சொல்லி, அந்த டாக்டர் இருவருக்கும் ஒரே சீட்டு எழுதினார். காலையும் மாலையும் இழுக்கக் கூட்டு மருந்து ஒன்று. படுக்கும் முன் போட ஒரு சின்ன மாத்திரை. மூச்சு முட்டினால் மட்டும் நீலம். மருந்துக்கடையில் எல்லாவற்றையும் இரட்டையாக வாங்கிவந்தோம். புதுப் பாத்திரம் வாங்கிய மாதிரி அதையும் அலமாரியில் அடுக்கி வைத்தோம்.

அவருக்கு அந்த மருந்து அப்படிக் கேட்டது. ஒரு மாதத்துக்குள் மாடிப்படியில் பாடிக்கொண்டே ஏறினார். தொழிற்சாலை நண்பர்களோடு ஷட்டில் ஆடப் போனார். சிறு வயதில் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தவர். முப்பது வயதில் விளையாடக் கிடைத்த சந்தோஷம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இருமினால்கூட மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

எனக்குக் கேட்கவில்லை. கேட்காதது மட்டும் இல்லை; மருந்து இழுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் நடுங்கின. அந்தச் சின்ன மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து ஒரே கெட்ட கனவு. விடிந்து எழுந்தால் காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். பால்காரரிடம் கோபம், குக்கர் விசிலிடம் கோபம். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். இதற்கிடையில் மூச்சும் சரியாகவில்லை. சரியாகவில்லை என்று நீல மருந்தை இழுப்பேன். இழுத்ததும் கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கும், பிறகு முன்னைவிட இறுக்கும். மறுபடி இழுப்பேன்.

"நீ ஒழுங்கா இழுக்கறதில்லை" என்றார் அவர்.

"இழுக்கறேங்க."

"இழுத்தா எப்படிக் கேக்காமப் போகும்? எனக்குக் கேக்குதுல்ல?"

மறுநாளிலிருந்து நான் மருந்து எடுக்கும்போது எதிரே வந்து நின்றார். "மூச்சை முழுசா வெளிய விடு. இப்ப இழு. இன்னும், இன்னும். பிடிச்சுக்க. விடாத." அவர் முகத்தில் அக்கறைதான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் காலையில் ஒருவர் முன் நின்று மூச்சு விட்டுக் காட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரும் அதையேதான் கேட்டார். "ஒரு வேளை விடாம எடுக்கறீங்களாம்மா? உண்மையச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க, எப்படி இருக்காரு!" டாக்டர் டோஸைக் கூட்டி எழுதினார். படபடப்பும் கூடியது.

கடைசியில் என் மீதே எனக்கு நம்பிக்கை போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று இழுத்துப் பார்ப்பேன். மருந்து புகையாக வாய் ஓரத்தில் கசிகிறதா என்று பார்ப்பேன். கசியாது. எல்லாம் சரியாகத்தான் செய்வேன். அப்படியானால் தவறு எங்கேதான் இருக்கிறது?

சித்திரை வீதியில் ஒரு பெரியவர். சர்க்கரைக்காக மாதாமாதம் அவருக்கு ரத்தம் எடுப்பேன். ஒரு நாள் படியேறியதில் மூச்சு வாங்கியது. கீழேயே நின்று நீலத்தை இழுத்துவிட்டு மேலே போனேன். அவர் சட்டையில்லாமல் திருமண்ணோடு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியைக் கொண்டுபோனேன். ஊசி முனை ஆடியது. நிறுத்தி, மூச்சை அடக்கி, மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் ஆடியது.

"கொழந்தே, கை நடுங்கறதே. ஜுரமா?"

"இல்லைங்க மாமா. மூச்சுக்கு மருந்து எடுத்தேன், அதான்."

"பெருமாளே! மூச்சுக்கு எடுத்தா கை நடுங்குமா?" என்று வியந்தார். பிறகு மெதுவாக, "இன்னிக்கு வேண்டாம்மா. நாளைக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன். தப்பா நெனச்சுக்காதே" என்றார்.

தப்பாக எப்படி நினைப்பது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையை இழுத்துக்கொண்டிருப்பேன். பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கினேன். அந்த வாரமே பரிசோதனைக் கூடத்தில் என்னை முன் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் எழுதி, பணம் வாங்கி, ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுக்கும் வேலை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. உள்ளே வேறு ஒருத்தி ஊசி உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஷட்டில் நண்பர்கள் குடும்பத்தோடு முக்கொம்புக்குப் போனார்கள். நாங்களும் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். பாலத்தருகே மீன் வறுக்கும் கடைகள். எண்ணெய்ப் புகையும் மிளகாய் நெடியும் காற்றில் என் பக்கம் திரும்பின. அவ்வளவுதான். இருமத் தொடங்கினேன், நீலத்தை இழுத்தேன். திறக்கவில்லை. அவர் ஓடிவந்து தன் இன்ஹேலரையும் எடுத்து என் வாயில் வைத்தார். "இழும்மா, இன்னொன்னு, இன்னொன்னு." இழுத்தேன். கைகள் தந்தி அடிப்பது போல் ஆடின, நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. மூச்சு மட்டும் வரவில்லை. அப்போதுதான் முதன்முதலாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஒழுங்காக இழுக்கிறேன் என்பது அவர் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இழுத்தும் வேலை செய்யவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

நண்பர் ஒருவரின் காரில் டவுனுக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகத்தில் மாஸ்க்கை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். நீல மருந்தேதான், புகையாக. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பணியில் இருந்த இளம் டாக்டர் வந்து பார்த்தார், உதட்டைக் கடித்தார், நர்ஸிடம் வேறொரு மருந்தையும் சேர்க்கச் சொன்னார். இரண்டாம் முறை வைத்தபோது நெஞ்சுக்குள் யாரோ முடிச்சை மெதுவாக அவிழ்ப்பது போல் இருந்தது. அந்த மூச்சு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. வயிறு வரை போயிற்று.

அந்த இளம் டாக்டர்தான், தில்லை நகரில் இருக்கும் நுரையீரல் டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று கேட்டார். இழுத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இழுக்கறீங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த என் கணவருக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில எந்த மருந்து போட்டதும் மூச்சு வந்துச்சு? முதல்லயா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான், டாக்டர்."

டாக்டர் ஒரு காகிதத்தில் மூச்சுக்குழாயை வரைந்தார். "இந்த நீல மருந்து போய் ஒட்டறதுக்கு உள்ள ஒரு இடம் இருக்கும்மா. அந்த இடத்தை எப்படிக் கட்டணும்னு எழுதியிருக்கறது நம்ம மரபணுவுல. அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்ற எழுத்து. சிலருக்கு அதுல ஒரு எழுத்து மாறியிருக்கும். பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம்? அந்த மாதிரி. அப்படி இருக்கறவங்க சிலருக்கு இந்த மருந்தை அடிக்கடி இழுக்க இழுக்கப் பலன் கொறையும்னு பார்த்திருக்காங்க."

"அப்ப எனக்குக் கேக்குது, இவளுக்குக் கேக்கலைன்னா…" என்று அவர் இழுத்தார்.

"உங்க உடம்பு வேற, அவங்க உடம்பு வேற சார். அந்தச் சின்ன மாத்திரையும் அப்படித்தான். உங்களுக்கு அது அமிர்தம். அவங்களுக்குக் கெட்ட கனவும் படபடப்பும். அதை இன்னியோட நிறுத்திடலாம்."

ரத்தம் எடுத்துப் பார்த்தால் எனக்கு எந்த எழுத்து என்று தெரியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். குழாயில் ரத்தம் போகும், மறுநாள் காகிதத்தில் பதில் வரும்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பார்க்கலாம். ஆனா இது ஒரு மரபணு மட்டும் ஆடற ஆட்டம் இல்லை. பல சேர்ந்து ஆடுது, கூடவே தூசி, புகை, சளி எல்லாம் இருக்கு. உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் உங்க மூச்சைக் கேட்டுத்தான் நான் மருந்து எழுதணும். உங்க மூச்சு ஏற்கெனவே சொல்லிடுச்சே."

கூட்டு மருந்தில் இருந்ததில், மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை மட்டும் தனியாகத் தொடரச் சொன்னார். நெபுலைசரில் இரண்டாவதாகச் சேர்த்தார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றை நாளுக்கு ஒரு முறை இழுக்க எழுதினார். "நீலத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அவசரத்துக்கு அது கையில இருக்கணும். ஆனா அதையே நம்பி உக்காராதீங்க, தேவை கூடினா உடனே வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தோம். காவிரிப் பாலம் ஏறியதும் அவர், "நீ இழுத்துக் காட்டினப்ப அவங்க சொன்னாங்கள்ல…" என்று ஆரம்பித்தார். பிறகு, "சரி விடு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் மருந்து எடுக்கும்போது மட்டும் அவர் கூடத்தில் இல்லை. பால்கனியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூச்சு ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் நின்றது கனவுகள். பிறகு எரிச்சல். கை நடுக்கம் எந்த நாளில் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், முதல் தடவையே கோத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. பரிசோதனைக் கூடத்தில் மறுபடி ரத்தம் எடுக்க விட்டார்கள். ஆனால் எனக்குள் ஒரு நமைச்சல் மட்டும் அடங்கவில்லை. யாராவது ரத்தம் கொடுத்துவிட்டுப் போனால், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். எல்லாம் ஒரே சிவப்பு. எனக்குள் எழுதியிருப்பது என்ன என்று காகிதத்தில் பார்க்காமலே இருக்கிறேனே என்று தோன்றும். வாய்ப்பு வந்தால் பார்த்துவிடலாம் என்று நினைப்பேன், பார்த்து என்ன செய்யப்போகிறோம் என்றும் நினைப்பேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் அவளுடைய மூக்கையோ கண்ணையோ பார்க்கவில்லை, மூச்சைத்தான் பார்த்தோம். சொந்தக்காரர்கள் வந்து, "அப்பா ஜாடை", "இல்லை, அம்மா ஜாடை" என்று வாதாடுவார்கள். எனக்கு அது வேறு மாதிரி காதில் விழும்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஐப்பசி மழையில் சளி பிடித்து, அவளுக்கு இரைக்கத் தொடங்கியது. நெஞ்சில் காதை வைத்தேன். பூனை உறுமுகிற மாதிரி சத்தம். அவர் பக்கத்தில் வந்து காதை வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அந்தச் சின்ன மாத்திரை கொழந்தைங்களுக்கும் இருக்கு" என்றார் அவர். "சப்பிச் சாப்பிடறது. டாக்டர்கிட்ட அதையே கேட்டு எழுதி வாங்குவோம்."

"வேண்டாம்."

"எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு நீ பார்த்தல்ல?"

"எனக்கு என்ன பண்ணுச்சுன்னு நீங்க பார்த்தீங்கல்ல?"

"அவ எம் பொண்ணும்மா."

"எம் பொண்ணும்தான். என்னை மாதிரி இருந்தா? கனவு கண்டு கத்தினாக்கூட என்ன பண்ணுதுன்னு சொல்லத் தெரியாதுங்க அவளுக்கு."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சண்டை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. பாதியில் அவள் அறையிலிருந்து வந்து, "நான் யாரு மாதிரிம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள் இருமினாள்.

தில்லை நகர் டாக்டரிடமே கொண்டுபோனோம். நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசியதை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. இவ உங்க ரெண்டு பேரோட ஜெராக்ஸ் இல்லை" என்றார். "பாதி அவர்கிட்ட, பாதி உங்ககிட்ட. அந்தப் பாதியும் எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியாது. மாத்திரை இப்ப வேண்டாம். வீக்கத்துக்கான மருந்தைக் கொறைஞ்ச அளவுல, ஸ்பேஸர் வச்சுக் குடுங்க. எப்படி இருக்கான்னு பார்ப்போம். பார்த்துப் பார்த்துத்தான் மாத்தணும், வேற குறுக்கு வழி இல்லை."

அந்தப் பிளாஸ்டிக் குழாயை முகத்தில் வைத்தால் அவள் யானை மாதிரி தலையை ஆட்டுவாள். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்போம். விரல் ஆடுகிறதா, தூக்கத்தில் புரளுகிறாளா என்று நான் பார்ப்பேன். மாடிப்படியில் எத்தனை வேகத்தில் ஏறுகிறாள் என்று அவர் பார்ப்பார். அவளுக்கு அந்த மருந்தே போதுமானதாக இருந்தது. அவசரத்துக்கு நீலத்தை இழுத்தால் உடனே திறந்தது, கை நடுங்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் அப்பாவைப் போல. ஆனால் அவரைப் படுத்தும் மார்கழிப் பனி இவளை ஒன்றும் செய்வதில்லை. என்னைப் படுத்தும் புகையும் செய்வதில்லை. எங்கள் இருவருக்குமே ஒன்றும் செய்யாத பூனை முடி இவளுக்கு ஆகாது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா என்று வந்து நின்றாள். அப்பாவிடம் கேள் என்றேன். அப்பா டாக்டரிடம் கேட்போம் என்றார். டாக்டர், "மருந்தைக் குடுத்தனுப்புங்க, டீச்சர்கிட்டச் சொல்லிடுங்க, போயிட்டு வரட்டும்" என்று போனை வைத்துவிட்டார். நேற்றுக் காலையில் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளோடு பேசத் தொடங்கிவிட்டாள்.

இன்று எனக்கு விடுமுறை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து பல தடவை எழுந்து நடந்துவிட்டேன். அவர் தொழிற்சாலையிலிருந்து இடைவேளைக்கு இடைவேளை கூப்பிட்டு, "போன் வந்துச்சா?" என்று கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது.

"அம்மா, டீச்சர் போன். சீக்கிரம் சொல்லு."

"மூச்சு எப்படிடா இருக்கு?"

"மூச்சா? அது பாட்டுக்கு இருக்கும்மா. இங்க குதிரையில ஏத்தறாங்க. வைக்கவா?"

வைத்துவிட்டாள். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"குரல் எப்படி இருந்துச்சு? பேசறப்ப நடுவுல நிறுத்தினாளா?"

"இல்லைங்க. விடாமப் பேசினா."

"கொடைக்கானல்ல பூனை இருக்குமோ?" என்று கேட்டார். பின்னால் இயந்திரச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கும்தான் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.